ஒரு சொல்லைத் தப்பாக ஓடிய வருஷம்

ஓட்டப் பயிற்சிச் செயலியில் அந்த வரி இப்படித்தான் இருந்தது: "வியாழன்: ஃபார்ட்லேக், 2 நிமிடம், 6 முறை."

பத்து வாரம், ஒவ்வொரு வியாழனும் அந்த வரியைப் படித்துவிட்டுத் தடகள மைதானத்துக்குப் போனேன். கைக்கடிகாரம் பீப் என்றதும் பாய்வேன். இரண்டு நிமிடம் மூச்சு தொண்டையைக் கிழிக்கும். மறுபடி பீப் என்றால் ஒரு நிமிடம் நடை, பிறகு மறுபடி பாய்ச்சல். ஆறாவது முறை முடியும்போது கம்பியைப் பிடித்துக் குனிந்து நிற்பேன். ஃபார்ட்லேக் ஸ்வீடிஷ் சொல், அதில் 'ஃபார்ட்' என்றால் வேகம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வேகம் என்றால் வேகம்தானே என்று ஓடினேன்.

மார்ச் மாதம் ஒரு காலையில் படுக்கையைவிட்டு இறங்கிக் காலை ஊன்றினேன். வலது கணைக்கால் எலும்பில், முன்பக்கம், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு இடம் சுள்ளென்றது. இயன்முறை மருத்துவர் கட்டை விரலால் எலும்பு நெடுகத் தடவிக்கொண்டே வந்து, சரியாக அந்த இடத்தில் அழுத்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார். மே மாதம் நடக்கும் அரை மராத்தானுக்குப் பணம் கட்டிப் பெயர் கொடுத்திருந்தேன். அந்த வருஷம் அது போயிற்று.

நான் இருப்பது ஸ்வீடனின் மேற்குக் கரையில், கோத்தன்பர்க்கில். இந்த ஊரின் அரை மராத்தான் 1980 முதல் நடக்கிறது. பெயர் யோத்தெபோர்ஸ்வர்வெட். 'வர்வ்' என்ற சொல்லுக்கு ஒரு சுற்று என்று பொருள். அதே எழுத்துகளில் கப்பல் கட்டும் துறைக்கும் வர்வ் என்றுதான் பேர். ஓட்டப் பாதை ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, பெரிய தொங்கு பாலத்தில் ஏறி, ஒரு காலத்தில் கப்பல் கட்டிய ஏரிக்ஸ்பெரி கரையோரமாகவே போகும். இரண்டு பொருளும் ஒரே பெயருக்குள் இருப்பதை இந்த ஊர்க்காரர்கள் ரசித்துச் சொல்வார்கள். நான் இதைத் தெரிந்துகொண்டதுகூட கால் வலித்து உட்கார்ந்த பிறகுதான். அதற்கு முன் நான்கு வருஷம் இங்கே ஆங்கிலத்தை வைத்தே ஓட்டிவிட்டேன். அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள், கடையிலும் பேசுவார்கள். அந்த ஜனவரியில்தான், மகன் பள்ளியில் பேசுவது பாதி புரியவில்லையே என்ற கவலையில், குடியேறியவர்களுக்கு நகராட்சி இலவசமாக நடத்தும் ஸ்வீடிஷ் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன்.

ஓட்டம் நின்ற வாரங்களில் வகுப்பில் நடந்தது கூட்டுச்சொல் பாடம். ஸ்வீடிஷில் இரண்டு மூன்று சொற்களை ஒட்டிப் புதுச் சொல் ஆக்கிக்கொண்டே போவார்கள். இடைவெளி விடக் கூடாது. விட்டால் அர்த்தம் மாறும். ஆசிரியை பலகையில் எழுதிக் காட்டினார்: 'ஷூக்ஷோத்தெர்ஸ்கா' என்று சேர்த்து எழுதினால் செவிலியர். நடுவில் இடம் விட்டால் நோயாளியான பராமரிப்பாளர். எனக்குச் சட்டென்று பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. கைக்குட்டை என்றால் துணி, கை குட்டை என்றால் கை குட்டையாக இருக்கிறது. தமிழ் ஐயா இதே மாதிரிதான் பலகையில் மேலும் கீழுமாக எழுதிக் காட்டுவார்.

ஆசிரியை அடுத்துச் சொன்ன விதிதான் என் காலுக்கே மருந்து. கூட்டுச்சொல்லைக் கடைசியிலிருந்து படி. கடைசியில் இருப்பதுதான் பொருள். முன்னால் இருப்பது எல்லாம் அதைப் பற்றிய விவரம். பாலினமும் பன்மையும் கூடக் கடைசிச் சொல்லைப் பார்த்துத்தான் வரும். வீட்டுக்கு ஆளுக்கொரு கூட்டுச்சொல் எடுத்துப் போய், பிரித்து, வேர் தேடி வரச் சொன்னார். மனதில் கிடந்து உறுத்திய சொல் ஒன்றுதான். ஃபார்ட்லேக் என்று நோட்டில் எழுதினேன்.

முதலில் உச்சரிப்பு. ஸ்வீடனின் பெரும்பகுதியில் ஆர், டி இரண்டும் சேர்ந்தால் நாக்கு மேலே மடிந்து நம் 'ட்' ஒலியே வரும். 'ஃபாட்' என்று நெடிலாகச் சொல்லி, 'லேக்' என்பதையும் நெடிலாகவே இழுக்க வேண்டும். என் வகுப்பில் மற்றவர்கள் இந்த ஒலிக்குத் திணறினார்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு அது பால்குடி வயதிலேயே வந்த ஒலி. இன்னொன்று, கூட்டுச்சொல்லில் இரண்டாம் பகுதியையும் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் பகுதியை மட்டும் சொல்லிவிட்டுக் கடைசியை விழுங்கினால் ஸ்வீடிஷ்காரருக்குப் புரியாது. நான் அந்தச் சொல்லை வாயில் மட்டும் இல்லை, காலிலும் அப்படி முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் இந்த முதல் பாதியைக் கேட்டதும் சிரிப்பார்கள். ஊர் முழுக்க 'இன்ஃபார்ட்', 'ஊட்ஃபார்ட்' என்று வாகன நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் எழுதியிருக்கும். வந்த புதிதில் எல்லோரும் படம் எடுப்பார்கள். அந்தச் சிரிப்போடு விட்டுவிட்டால் நல்ல சொல் ஒன்று கைநழுவிப் போகும். ஃபார்ட் என்பதன் அடியில் இருப்பது 'ஃபாரா', அதாவது போதல், பயணித்தல். ஜெர்மனில் 'ஃபாரன்', ஆங்கிலத்தில் 'ஃபேர்வெல்' என்று விடைகொடுக்கும்போது வரும் ஃபேர், எல்லாம் ஒரே குடும்பம். கடல் வணிகம் கொழித்த காலத்தில் வட ஜெர்மானிய வணிகர்களின் பேச்சிலிருந்து ஸ்வீடிஷுக்கு ஏராளமான சொற்கள் வந்தன, ஃபார்ட்டும் அந்த வழியாகவே வந்தது. முதலில் பயணம், பிறகு பயணத்தின் விரைவு. துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கு 'ஃபார்ட்டீக்' என்று பேர். பயணக் கருவி என்று பிரிக்கலாம். கடல் போக்குவரத்து ஷோஃபார்ட், விண்வெளிப் பயணம் ரீம்ட்ஃபார்ட். இந்தச் சொற்களில் எல்லாம் 'வேகம்' என்று போட்டால் பொருந்தாது. போக்கு என்று போட்டால் பொருந்தும்.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது ஒன்று உண்டு. அனுபவத்துக்கு ஸ்வீடிஷில் 'ஏர்ஃபாரென்ஹேட்' என்று சொல்வார்கள். அதற்குள்ளும் அந்த ஃபாரா இருக்கிறது. போய் வந்து பெற்றது அனுபவம்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நானே இதில் இடறினேன். மின்மாற்றிப் பெட்டிகளில் 'லீவ்ஸ்ஃபாரா' என்று எச்சரிக்கை இருக்கும். உயிராபத்து. இந்த ஃபாராவும் பயண ஃபாராவும் ஒன்று என்று நினைத்து, பயணம் என்றாலே ஆபத்து என்று ஒரு கதை கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். இரண்டும் வேறு வேர் என்று ஆசிரியை அகராதியைத் திறந்து காட்டினார். ஒரே உருவம் என்பதால் ஒரே வேர் ஆகிவிடாது. அன்று முதல் அகராதியைப் பார்க்காமல் வேர்க்கதை சொல்வதில்லை.

இரண்டாம் பாதிதான் புதையல். ஸ்வீடிஷில் விளையாட்டுக்கு இரண்டு வினை உண்டு. 'ஸ்பேலா' என்றால் விதி உள்ளதை விளையாடுவது: கால்பந்து, சதுரங்கம், சீட்டு. வாத்தியம் வாசிப்பதும் ஸ்பேலாதான். 'லேக்கா' என்றால் குழந்தைகள் விளையாடுவது. மணலில், மரத்தில், தண்ணீரில், சும்மா. அதில் புள்ளி கிடையாது, வென்றவர் கிடையாது. விளையாட்டுப் பொருள் லேக்சாக், விளையாட்டுத் திடல் லேக்ப்ளாட்ஸ். ஓட்டப் பயிற்சிக்குப் பெயர் வைத்தவர்கள் கையில் இரண்டும் இருந்தன. எடுத்தது லேக்.

வேர் இன்னும் ஆழம். ஸ்காண்டிநேவியாவின் முன்னைய மொழியான பழைய நார்ஸில் 'லெய்க்ர்'. அழிந்துபோன ஜெர்மானிய மொழியான காதிக்கில் 'லைக்ஸ்' என்றால் நடனம். மீன்கள் முட்டையிடக் கூடிவந்து துள்ளுவதையும் ஸ்வீடிஷில் லேக் என்றுதான் சொல்வார்கள். வைக்கிங்குகள் குடியேறிய வட இங்கிலாந்தில் இந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அலுவலகத்தில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஒருவரிடம் கேட்டேன். "எங்க பாட்டி எங்களை வெளிய போய் 'லெய்க்' பண்ணுங்கன்னுதான் சொல்வாங்க" என்றார். அவர் பாட்டி சொன்னதும் என் செயலியில் இருந்ததும் ஒரே சொல் என்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

நம்மிடம் 'ஆடு' இருக்கிறது அல்லவா? நடனமும் ஆட்டம், கபடியும் ஆட்டம், ஊஞ்சலும் ஆடும், நீரும் ஆடலாம். லேக் அந்த அகலத்துக்குப் பக்கத்தில் வரும் சொல். ஒட்டாகவும் மாறுகிறது, நம் உரையாடு, போராடு போல. 'ஷேர்லேக்' என்றால் அன்பு, காதல். 'ஸ்டூர்லேக்' என்றால் அளவு. ஸ்டூர் என்றால் பெரிய. பெரு என்பதோடு மை சேர்ந்து பெருமை ஆவதுபோல, ஸ்டூரோடு லேக் சேர்ந்து அளவு ஆகிறது. இங்கே விளையாட்டு என்ற பொருள் தேய்ந்து வெறும் விகுதியாகிவிட்டது. அப்படியானால் ஃபார்ட்லேக் என்பதும் 'வேகத்தன்மை'தானோ என்று கேட்டேன். இல்லை என்று ஆசிரியை தலையசைத்தார். அந்த விகுதி 'பெரிய', 'தடித்த' போன்ற பண்புச் சொற்களோடுதான் சேரும். ஃபார்ட் பெயர்ச்சொல். ஆகவே இங்கே லேக் முழுச் சொல்லாக, தன் விளையாட்டோடு நிற்கிறது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நோட்டை வைத்துக்கொண்டு தமிழில் யோசித்தேன். செம்மலர் என்றால் செம்மையான மலர், பண்புத்தொகை. பத்து வாரமும் ஃபார்ட்லேக்கை நான் அப்படித்தான் விரித்திருக்கிறேன்: வேகமான ஓட்டம். கடைசிச் சொல்லை 'ஓட்டம்' என்று நானே மாற்றியும் வைத்திருக்கிறேன். அந்தச் சொல்லில் ஓட்டமே இல்லை! சரியாக விரித்தால் அது தேர்ப்பாகன் மாதிரி. தேரை ஓட்டும் பாகன் என்று உருபும் பயனும் மறைந்து நிற்பதுபோல, வேகத்தோடு ஆடும் ஆட்டம். வேகம் அங்கே விளையாட்டுப் பொருள், குழந்தை கையில் பந்து மாதிரி. எடுக்கலாம், போடலாம், தூக்கி எறியலாம், கொஞ்ச நேரம் மறந்துவிடலாம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த தொகைநிலைப் பாடம் இப்படி ஒருநாள் கணைக்கால் எலும்புக்கு உதவும் என்று யார் நினைத்தார்கள்.

ஆறு வாரம் பதினோரு வாரமாக நீண்டது. கோடை முழுக்க மெதுவாக ஓடி மீண்டேன். சொல் புரிந்துவிட்டது, ஆனால் அதை எப்படி ஓடுவது என்று தெரியவில்லை. அதைக் காட்டித் தந்தவர் எதிர்வீட்டுப் பெரியவர். எண்பதை நெருங்குகிறார், இளவயதில் காட்டோட்டப் போட்டிகளில் ஓடியவர். இந்த நாட்டில் 1960களின் கடைசியிலிருந்து எல்லோரும் எல்லோரையும் 'டூ', அதாவது நீ என்றே அழைக்கிறார்கள். நானும் அவரை டூ என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் தமிழில் எழுதும்போது அவரை நீ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நவம்பர் கடைசி. மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். ஸ்வீடனில் ஊருக்கு ஊர் காட்டுக்குள் விளக்குப் போட்ட ஓட்டப் பாதை உண்டு; எல்யூஸ்ஸ்போர் என்பார்கள். மரத்தூளும் மண்ணும் போட்ட மெத்தென்ற தடம், ஓரத்தில் மரக் கம்பங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. அவர் சைக்கிளில் கூட வந்தார். கடிகாரத்தைக் கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "முதல்ல பதினஞ்சு நிமிஷம் என்கூடப் பேசிக்கிட்டே ஓடும்மா" என்ற பாவனையில் சொன்னார். அவர் சொன்னது ஸ்வீடிஷில், நான் கேட்டது இப்படி.

பேசிக்கொண்டே ஓடினேன். பாசி ஈரத்தில் மணத்தது. தேங்கிய நீரின் மேல் கண்ணாடித் தாள் போலப் பனி படர்ந்திருந்தது, மிதித்தால் சலங்கைபோல் நொறுங்கியது. திடீரென்று, "அந்த ஸ்ப்ரூஸ் மரம் வரைக்கும்!" என்றார். ஓடினேன். மரத்தைத் தொட்டதும், "போதும், மூச்சு வரட்டும்" என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "உனக்கே தெரியும்." கொஞ்ச தூரம் போனதும் ஒரு மேடு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானே ஏறினேன், முழு வேகத்தில், ஏனென்றால் மேட்டின் மேல் விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது, அதை எட்டிப் பார்க்கவேண்டும் போல இருந்தது. அங்கிருந்து இறக்கத்தில் கை வீசி இறங்கினேன். பிறகு இரண்டு விளக்குக் கம்பத்துக்கு நடுவில் நான்கே நான்கு எட்டு வைத்து ஒரு துள்ளல். நாற்பது நிமிடம் எப்போது ஆயிற்று என்றே தெரியவில்லை. கணைக்கால் அமைதியாக இருந்தது.

அடுத்த நாள் மகனை அழைத்துவரப் போனபோது பக்கத்து மழலையர் பள்ளி முற்றத்தைப் பார்த்தேன். ரப்பர் மழையாடை போட்ட குழந்தைகள். ஒரு பெண் குழந்தை குபீரென்று ஓடியது, நின்றது, குத்தவைத்து மண்புழுவைப் பார்த்தது, எழுந்து நடந்தது, மறுபடி குபீரென்று ஓடியது. யாரும் அதற்கு நிமிடக் கணக்குக் கொடுக்கவில்லை. அது களைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் இல்லை. நோட்டில் இருந்த லேக் என் கண் முன்னால் மழையாடை போட்டுக்கொண்டு ஓடியது.

இது ஏதோ சோம்பல் வழி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்த முறை பிறந்ததே தோல்வியின் வலியில். 1920களில் நெடுந்தூர ஓட்டம் என்றால் ஃபின்லாந்து. பாவோ நுர்மி மூன்று ஒலிம்பிக்கில் ஒன்பது தங்கம் வாங்கியவர், அதில் ஐந்து 1924இல் பாரிஸில். கையில் நிறுத்துக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து ஓடுவார். பக்கத்து நாடான ஸ்வீடன் தோற்றுக்கொண்டே இருந்தது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பத்துத் தடகளப் போட்டிகள் சேர்ந்த டெகாத்லானில் கலந்துகொண்டு, பின்னாளில் பயிற்சியாளரான யோஸ்டா ஹோல்மேர் 1930களில் வேறு வழி யோசித்தார். மைதானத்தை விட்டுக் காட்டுக்குப் போங்கள், வேகத்தையும் உடல் தாங்கும் தன்மையையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்து வளருங்கள் என்றார். அவர் வகுத்த மாதிரி ஓட்டத்தில் இளக்கமான ஓட்டம் உண்டு, ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் திடமான வேகம் உண்டு, ஐந்து நிமிட விரைவு நடை உண்டு, ஐம்பது அறுபது மீட்டர் பாய்ச்சல் உண்டு, மேடேறுவது உண்டு. நடுநடுவே மூன்று நான்கு எட்டுகள் மட்டும் திடீரென்று விரைவது கூட உண்டு. நடை அதில் தோல்வியாக இல்லை, ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

வடக்கே யெம்ட்லாண்ட் மலைப்பகுதியில் வோலோடாலன் என்ற இடத்தில் யோஸ்டா ஒலாண்டர் என்பவரும் பாசியும் பனியும் சதுப்பும் நிறைந்த நிலத்தில் ஓட்டக்காரர்களைப் பழக்கினார். அந்தப் பகுதியில் பிறந்த குண்டெர் ஹெக் ஆழமான பனியில் கால் புதையப் புதைய ஓடி வளர்ந்தார். 1942 கோடையில் மூன்று மாதத்துக்குள் பத்து உலகச் சாதனை படைத்தார். அதில் ஒன்று எங்கள் ஊரிலேயே. 1942 செப்டம்பரில் கோத்தன்பர்க்கில் 5,000 மீட்டரை 13 நிமிடம் 58.2 வினாடியில் ஓடி, 14 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் ஆனார். 1945இல் மால்மோவில் ஒரு மைலை 4 நிமிடம் 1.4 வினாடியில் முடித்தார். அதை முறியடிக்க 1954 மே மாதம் ரோஜர் பானிஸ்டர் வரவேண்டியிருந்தது. காட்டில் ஆடிய ஆட்டத்தின் விளைச்சல் இது.

அன்று முதல் நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். நான் பயிற்சியாளர் இல்லை, ஒரு கால் நொந்து கற்றவள். வாரத்தில் ஒருநாள் மட்டும். முதல் பதினைந்து நிமிடம் வாய்விட்டுப் பேச முடிகிற வேகம், இதைச் சுருக்கினால் மறுநாள் கெண்டைக்கால் பிடிக்கும். பிறகு கண்ணில் படுகிறதைக் குறியாக வைப்பேன்: மரம், கம்பம், பெஞ்ச், எதிரே வரும் நாய்க்காரர். சில குறி இருபது எட்டில் வரும், சில குறி ஐந்நூறு மீட்டர் தள்ளி இருக்கும். இரண்டும் வேண்டும், ஒரே அளவாகவே எடுத்தால் மறுபடி அட்டவணைக்குள் போய் விழுவோம். குறியைத் தொட்டதும் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிற வரை இளகி ஓடுவேன், தேவைப்பட்டால் நடப்பேன். நான் சத்தமாகச் சொல்லும் வாக்கியம் "இன்னிக்கு ராத்திரி என்ன சமையல்?" அது முழுசாக வந்தால் அடுத்த குறி. இன்னும் ஒன்று ஓடலாம் என்று ஆசை மிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுவேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மொத்தமே இருபது நிமிடம் போதும், அதில் நான்கைந்து குறி போதும்.

தரை முக்கியம். மண், புல், மரத்தூள் இருந்தால் அங்கே போங்கள். தார்ச்சாலையிலும் ஆடலாம், ஆனால் இறக்கத்தில் பாயாதீர்கள். இங்கே குளிர்காலத்தில் காலணியின் அடியில் மாட்டும் ஆணிப்பட்டையும் ஒளி எதிரொளிக்கும் மேலங்கியும் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. எலும்பில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி இருந்தால் அன்று ஆட்டம் கிடையாது. பரவலான தசை வலி வேறு, ஒற்றைப் புள்ளி வலி வேறு. அந்த வித்தியாசத்தை நான் பதினோரு வாரம் கொடுத்து வாங்கினேன்.

இந்தச் சொல் உலகம் சுற்றியபோது பல இடங்களில் நிமிடக் கணக்கு உள்ளே வந்துவிட்டது. ஆஸ்திரேலிய மராத்தான் வீரர் ஸ்டீவ் மொனெகெட்டியின் பெயரால் வழங்கும் 'மோனா ஃபார்ட்லேக்' சரியாக இருபது நிமிடம்: 90 வினாடி இரண்டு முறை, 60, 30, 15 வினாடிகள் நான்கு நான்கு முறை, நடுவில் அதே அளவு இளக்கம். கென்யாவின் இட்டென் மலையூரில் வியாழக்கிழமை என்றால் பெருங்கூட்டம் செம்மண் பாதையில் ஒரு நிமிடம் விரைந்து ஒரு நிமிடம் இளகி ஓடும். இரண்டும் அருமையான பயிற்சிகள், முன்னேறியவர்களுக்குப் பலன் தரும். ஆனால் எனக்கு அவை ஸ்பேலா பக்கம் சாய்ந்தவையாகவே படுகின்றன. விதி வந்துவிட்டது, மணி வந்துவிட்டது. அடித்தளம் இல்லாமல் நேரே அங்கே போனதுதான் நான் செய்தது. முதலில் லேக், அப்புறம் ஸ்பேல் என்று குழந்தைகள் வளர்கிற வரிசையிலேயே போகலாம் என்பது என் எண்ணம்.

தமிழில் என்ன சொல்வது என்று எங்கள் ஓட்டக் குழுவில் அடிக்கடி பேச்சு வரும். 'வேக விளையாட்டு' என்றால் ஏதோ கார் பந்தயம் மாதிரி ஒலிக்கிறது. நானே செய்த பிழையை அது மற்றவர்களுக்கும் கடத்திவிடும். 'வேகமாடல்' என்று ஒரு தோழி சொன்னாள், நீராடல் மாதிரி. அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆடல் கடைசியில் வருகிறது, அது போதும்.

இரண்டாம் வருஷம் மே மாதம் எங்கள் ஊர் அரை மராத்தானான வர்வெட்டை ஓடி முடித்தேன். நேரத்தை இங்கே எழுதப் போவதில்லை. தொங்கு பாலத்தின் மேல் காற்றில் ஒருமுறை, குறி வைக்காமலே, நான்கு எட்டு துள்ளினேன் என்பதை எழுதுகிறேன்.

இப்போது வியாழக்கிழமை மாலை ஆறு பேர் சேர்கிறோம். மூன்று பேர் தமிழ்ப் பெண்கள், இரண்டு பேர் ஸ்வீடிஷ், ஒருத்தி ஈரானிலிருந்து வந்தவள். குறி சொல்வது முறை வைத்து ஆளுக்கு ஒன்று. யாருக்கு எது கண்ணில் படும் என்று முன்கூட்டித் தெரியாது. போன வாரம் ஈரானியத் தோழியின் முறை. இருட்டில் ஒரு கம்பத்தில் விளக்கு எரியவில்லை. "அந்த எரியாத விளக்கு வரைக்கும்!" என்று கத்தினாள். ஆறு பேரும் இருட்டை நோக்கி ஓடினோம். பெரியவர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே பின்னால் வந்தார்.